ஆப்பிரிக்காவின் அறிவியற் குரல்: கூட்டுறவும் குறைபாடும்

நம்முடைய இதழ்களில் ஆப்பிரிக்கா எப்பொழுதெல்லாம் இடம்பெறுகிறது என்று எண்ணிப் பார்த்தால், இரண்டே தருணங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி முதல் ஹிஜ்ரத்தாருக்கு அடைக்கலம் தந்த வரலாறு, ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களின் பாங்கோசை, 1352இல் மாலிக்குப் பயணம் சென்ற இப்னு பதூதாவின் குறிப்புகள், திம்புக்து நகரத்து ஸங்கோரே பள்ளிவாசலின் கல்விச் சிறப்பு ஆகியன ஒரு தருணம். வறட்சி, உள்நாட்டுப் போர், எபோலா ஆகியன மற்றொன்று. முன்னதைப் பெருமிதத்தோடும் பின்னதை இரக்கத்தோடும் எழுதுகிறோம். இவ்விரண்டிற்கும் இடையில், ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து நுண்ணோக்கியில் கண்பதித்திருக்கும் ஓர் ஆப்பிரிக்கரை நாம் காண்பதேயில்லை. காணாமைக்குக் காரணம் அவர் இல்லாமை அன்று. அவரைப் பற்றிய செய்தி நமக்கு வந்து சேரும் வழியெல்லாம் லண்டனையும் பாரிஸையும் நியூயார்க்கையும் சுற்றியே வருகிறது.

அவ்வழியே வரும் செய்திகளில் அண்மைக் காலத்தில் ஒரு சொற்றொடர் திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஆப்பிரிக்க நாடுகள் வட்டார அளவில் ஒன்றுகூடித் தம் அறிவியல் வலிமையைப் பெருக்கிக்கொள்ள வேண்டும், உலக அரங்கில் ஒரே குரலில் பேச வேண்டும் என்பது அது. மாநாடுகளின் தீர்மானங்களிலும் நன்கொடை நிறுவனங்களின் அறிக்கைகளிலும் இது ஒரு துஆவைப் போல ஓதப்படுகிறது. ஆமீன் சொல்வோருக்கும் குறைவில்லை. இக்கூற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வலிமை என்பது எது, குரல் என்பது எது, இவ்விரண்டில் எது முந்தியது என்ற வினாக்களை எழுப்பாமல் இதனை ஏற்பதற்கில்லை. நடந்து முடிந்த சில நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை மதிப்பிட முயல்வோம்.

முதலாவது நிகழ்ச்சி நமக்கு மிக நெருக்கமானது. நம் ஊர்களிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்படும் ஒவ்வொருவரும் முகாமில் வரிசையில் நின்று மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்கிறார்கள். ஏன் அந்த ஊசி என்று கேட்பவர் அரிது. 1987ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது ‘ஏ’ வகைக் கிருமியால் மூளைக்காய்ச்சல் பரவிற்று; அதன்பின் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் ‘டபிள்யூ-135’ என்னும் வேறொரு வகை ஹாஜிகளிடையே தோன்றியது. ஆகவே நான்கு வகைக் கிருமிகளையும் தடுக்கும் ஊசி கட்டாயமாயிற்று. 2002இல் அதே டபிள்யூ வகை மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாஸோ நாட்டில் பன்னிரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. ஹஜ் முகாமில் நம் கையில் ஏறும் ஊசிக்கும் ஸஹாராவின் தென்விளிம்பில் நிகழும் சாவுகளுக்கும் இடையே இப்படியொரு தொடர்பு உண்டு.

செனகல் தொடங்கி எத்தியோப்பியா வரை நீளும் அந்நிலப்பகுதியை ‘மூளைக்காய்ச்சல் வளையம்’ என்றே மருத்துவர்கள் வழங்குகிறார்கள். பாலைப்புழுதியைச் சுமந்து ஹர்மத்தான் காற்று வீசும் வறட்சி மாதங்களில் தொண்டை வறண்டு புண்ணாக, கிருமி எளிதில் உள்ளே புகுகிறது. 1996-97 பருவத்தில் மட்டும் இரண்டரை லட்சம் பேர் நோயுற்று, இருபத்தைந்தாயிரம் பேர் இறந்தனர். பிழைத்தவர்களிலும் பலர் செவிப்புலனை இழந்தனர். அப்பொழுதிருந்த தடுப்பூசி சில ஆண்டுகளே பயன்தரக்கூடியது. கைக்குழந்தைகளிடம் வேலை செய்யாதது. நெடுங்காலம் காக்கும் புதுவகை ஊசியைச் செய்யும் நுட்பம் மேலைநாட்டு நிறுவனங்களிடம் இருந்தது. ஏழை நாடுகள் தரக்கூடிய விலைக்கு அதனைச் செய்து தரத்தான் அவற்றுக்கு ஆர்வமில்லை.

இவ்விடத்தில் அந்நாடுகளின் சுகாதாரத் துறையினர் எடுத்த நிலைப்பாடு குறிப்பிடத்தக்கது. ஒரு ஊசியின் விலை அரை டாலரைத் தாண்டினால் தங்களால் தாங்கவியலாது என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டனர். விலை முதலில் முடிவாயிற்று. அந்த விலைக்கு ஏற்ப ஊசி பின்னர் உருவாக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் ‘பாத்’ என்னும் தொண்டு நிறுவனமும் 2001இல் தொடங்கிய திட்டத்தின்கீழ், அமெரிக்க அரசு ஆய்வுக்கூடத்தின் நுட்பம் புனே நகரத்து சீரம் நிறுவனத்திற்குக் கைமாறியது. இந்தியாவிலும், மாலி, காம்பியா, செனகல், கானா ஆகிய நாடுகளிலும் சோதனைகள் நடைபெற்றன. 2010 டிசம்பரில் புர்கினா ஃபாஸோவில் போடத் தொடங்கிய ‘மென்ஆஃப்ரிவேக்’ ஊசியை அதன்பின் முப்பது கோடிக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டனர். போடப்பட்ட இடங்களில் ‘ஏ’ வகை நோய் ஏறத்தாழ அற்றே போயிற்று. ஐந்து வகைக் கிருமிகளைத் தடுக்கும் அடுத்த ஊசியை 2024இல் நைஜீரியா முதன்முதலாகப் பயன்படுத்தியது. அதுவும் புனேயில் செய்ததே.

இந்த வெற்றியை ‘ஆப்பிரிக்கக் கூட்டுறவின் வெற்றி’ என்று எழுதுவோர் உளர். ‘இந்தியத் தொழில்திறனின் வெற்றி’ என்று எழுதுவோரும் உளர். பாதி உண்மை இரண்டிலும் உண்டு. தேவை இன்னது, விலை இன்னது என்று தீர்மானித்ததும், சோதனையை நடத்தியதும், ஊர் ஊராகச் சென்று ஊசி போட்டதும் ஆப்பிரிக்கர்கள். நுட்பமும் தொழிற்சாலையும் பணத்தின் பெரும்பகுதியும் வெளியிலிருந்து வந்தவை. ஆப்பிரிக்கா பயன்படுத்தும் தடுப்பூசிகளில் ஏறத்தாழ 99 விழுக்காடு இறக்குமதி என்று ஆப்பிரிக்க ஒன்றியமே சொல்கிறது. 2040க்குள் 60 விழுக்காட்டை உள்நாட்டில் செய்வது என்ற இலக்கை அவ்வொன்றியம் 2021இல் வகுத்துக்கொண்டது. அந்த இலக்கைத் தூண்டியது கொரோனாக் காலத்தில் பணம் கையிலிருந்தும் ஊசி கிடைக்காமல் வரிசையின் கடைசியில் நின்ற அவமானம்தான்.

அதே 1996ஆம் ஆண்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. முஸ்லிம்கள் செறிந்து வாழும் வட நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் உச்சத்தில் இருந்தபொழுது, பன்னாட்டு மருந்து நிறுவனம் ஒன்று அங்கு வந்து இருநூறு குழந்தைகளிடம் ஆய்வு நடத்தியது. நூறு குழந்தைகளுக்குப் புதிய மருந்து, ஏனையோருக்கு வழக்கமான மருந்து. அவர்களில் பதினொரு குழந்தைகள் இறந்தனர். தம் பிள்ளை ஆய்வுக்கு உட்படுத்தப்படுகிறது என்பதே தமக்குச் சொல்லப்படவில்லை என்று பெற்றோர்கள் முறையிட்டனர். நோயே சாவுக்குக் காரணம், மருந்தன்று எனவும், வாய்மொழி ஒப்புதல் பெறப்பட்டது எனவும் நிறுவனம் வாதிட்டது. ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கு 2009இல் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது.

இடையில் 2003இல் வேறொன்று நடந்தது. போலியோ சொட்டு மருந்தில் கருத்தரிப்பைத் தடுக்கும் பொருள் கலந்திருக்கிறது என்ற ஐயத்தின் பேரில் கானோ உள்ளிட்ட வட மாநிலங்கள் அதனை நிறுத்தி வைத்தன. சில மார்க்க அறிஞர்களும், மருத்துவம் படித்த சிலரும் அந்த ஐயத்தை ஆதரித்தனர். அது ஆதாரமற்ற ஐயம். அதனால் விளைந்த கேடோ உண்மையானது. ஏறத்தாழ ஓராண்டு மருந்து நின்றதில் வட நைஜீரியாவின் கிருமி அண்டை நாடுகளுக்குள் நுழைந்து, சூடானைக் கடந்து, யெமனுக்கும் இந்தோனேஷியாவுக்கும் சென்று குழந்தைகளை முடமாக்கிற்று. இதனை நம் சமுதாயத்தின் அறியாமை என்று மேலைநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. சூழ்ச்சிக்கு எதிரான விழிப்பு என்று நம்மவர் சிலர் எழுதினர். இவ்விரண்டும் பிழை என்றே நாம் கருதுகிறோம். கானோவின் தாய்மார்கள் ஏழாண்டுகளுக்கு முன் தம் தெருவில் நடந்ததை மறக்கவில்லை. மருந்து தூயதா என்று அவர்கள் கேட்டபொழுது, அவர்கள் நம்பும் ஒருவர், அவர்கள் மொழியில், தம் கையாலேயே சோதித்துப் பார்த்து, ஆம் என்று சொல்லும் நிலை இருக்கவில்லை. முஸ்லிம் நாடான இந்தோனேஷியாவில் செய்த மருந்தைக் கொண்டுவருவது என்ற முடிவுக்குப் பிறகே 2004இல் கானோ இணங்கியது.

அறிவியல் வலிமை எதற்கு என்ற வினாவிற்கு இதைவிடத் தெளிவான விடை நமக்குத் தெரியவில்லை. நோபல் பரிசுக்காக அன்று. ஒரு பொருளைத் தானே சோதித்து, அது நல்லதா கெட்டதா என்று தன் மக்களிடம் சொல்லி, அவர்களால் நம்பப்படும் நிலையே அது. இதனை நைஜீரியா போன்ற பெரிய நாடு தனித்துச் செய்துகொள்ள முடியலாம். காம்பியாவோ லெசோத்தோவோ செய்துகொள்ள முடியாது. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் நாடு கடந்து ஒன்றுகூடி ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிக்கும் அமைப்பு 2006இல் உருவானதும், மென்ஆஃப்ரிவேக் சோதனைகளை அவர்கள் சேர்ந்தே பரிசீலித்ததும் இக்காரணத்தால்தான் நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன. மாநாட்டு மேடைகளில் இதனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கோப்புகளைப் படித்துக் கையொப்பமிடும் வேலையில் புகைப்படத்திற்கு இடமில்லையே! ஆப்பிரிக்க மருந்து முகமைக்கான ஒப்பந்தம் 2019இல் ஏற்கப்பட்டு 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தலைமையகம் ருவாண்டாவின் கிகாலி நகரம். ஒன்றியத்தின் 55 உறுப்பினர்களும் இன்னும் அதில் சேர்ந்தபாடில்லை. கையாலாகாத நாடுகள் சேராமலிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்; வசதியுள்ளவை தயங்குவதற்கு என்ன காரணம் சொல்வது? 2020 ஆகஸ்டில் ஆப்பிரிக்கக் கண்டம் இயற்கைப் போலியோக் கிருமியிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டதற்கு, வீடு வீடாகச் சென்ற பெண்களும், பின்னாளில் அவர்களோடு சேர்ந்து நடந்த உலமாக்களும் காரணமாக இருந்தனர் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

குரல் என்பதற்கு வருவோம். 1976இல் காங்கோவின் யம்புக்கு என்னும் சிற்றூரில் இனந்தெரியாத காய்ச்சல் பரவியபொழுது முதலில் அங்கு சென்ற நுண்ணுயிர் அறிஞர் ழான்-ழாக் முயெம்பே என்னும் காங்கோ நாட்டவர். கையுறையின்றி நோயாளிகளிடம் குருதி எடுத்தவர் அவர். நோயுற்ற கன்னியாஸ்திரீ ஒருவரைத் தலைநகருக்கு அழைத்து வந்தவரும் அவரே. அந்தக் குருதி சுடுநீர்க் குடுவை ஒன்றில் விமானமேறி பெல்ஜியத்திற்குச் சென்றது. எபோலாவைக் கண்டறிந்தவர்கள் என்று நெடுங்காலம் பாடநூல்கள் சொன்ன பெயர்கள் ஐரோப்பியரும் அமெரிக்கருமே. 1995இல் கிக்விட் நகரில் எபோலா மீண்டும் வந்தபொழுது, பிழைத்தவர்களின் குருதியை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினார் முயெம்பே. ஏழு பேர் பிழைத்தனர். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு எனக் கூறி மேலை அறிவியலார் அதனைப் பொருட்படுத்தவில்லை. முறையியல் நோக்கில் அவர்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்த எண்ணத்தை முறைப்படி சோதித்துப் பார்க்கவும் யாரும் முன்வரவில்லை. பின்னர் அதே கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் குருதியிலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருளே எபோலாவுக்கான மருந்தாயிற்று. 2018, 2019 ஆண்டுகளில் காங்கோவிலேயே, முயெம்பேயின் தேசிய ஆய்வு நிறுவனம் முன்னின்று நடத்திய சோதனையில் அது மெய்ப்பிக்கப்பட்டு, 2020 டிசம்பரில் அமெரிக்காவின் ஒப்புதலைப் பெற்றது. கிக்விட்டுக்கும் ஒப்புதலுக்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. 2014-16 ஆண்டுகளில் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலாவால் பதினோராயிரத்திற்கும் மேற்பட்டோர் இறந்தது அந்த இடைவெளியில்தான்.

தனியொருவராக முயெம்பே பேசியதை உலகம் கேட்கவில்லை. கண்டமே கூடிப் பேசினால் கேட்குமா? 2021 நவம்பரில் அதற்கும் ஒரு சோதனை வந்தது. எச்.ஐ.வி., காசநோய் ஆகியவற்றோடு இருபது ஆண்டுகள் போராடியதில் தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் மரபணு வரிசையாக்கத்தில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தன. ஆப்பிரிக்க நோய்த்தடுப்பு மையமும் உலக சுகாதார நிறுவனமும் 2020இல் அமைத்த ஆய்வுக்கூட வலையம் அத்தேர்ச்சியை மற்ற நாடுகளுக்குப் பகிர்ந்தளித்தது; தம்மிடம் கருவி இல்லாத நாடுகள் மாதிரிகளை அண்டை நாட்டுக்கு அனுப்பின. இவ்வலையத்தின் பயனாக ஒரு லட்சம் கொரோனா மரபணு வரிசைகளை ஆராய்ந்த கட்டுரை 2022இல் ‘ஸயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. கண்டம் முழுவதிலுமிருந்து நூற்றுக்கணக்கானோர் அதன் ஆசிரியர்கள். நவம்பர் 24ஆம் நாள் தென்னாப்பிரிக்கா புதிய திரிபு ஒன்றைக் குறித்து உலகிற்கு அறிவித்தது. இரண்டு நாட்களில் அதற்கு ஒமிக்ரான் எனப் பெயரிடப்பட்டது. அதற்குள்ளாகவே தென்பகுதி நாடுகள் ஆறிற்கு பிரிட்டன் வாயிலை அடைத்துவிட்டது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் பின்தொடர்ந்தன. விமானங்கள் நின்றதனால் ஆய்வுக்கு வேண்டிய வேதிப்பொருள்களும் வந்துசேரவில்லை. அடுத்த சில நாட்களில் நெதர்லாந்து அரசு நிறுவனம் ஓர் உண்மையை வெளியிட்டது: நவம்பர் 19, 23 ஆகிய நாட்களில் அங்கேயே எடுத்த மாதிரிகளில் ஒமிக்ரான் இருந்திருக்கிறது. நெதர்லாந்துக்கு யாரும் தடை விதிக்கவில்லை. ‘பயண நிறவெறி’ என்று ஐ.நா. பொதுச்செயலர் குட்டரெஸ் இதனைக் கண்டித்தார்.

கூடிப் பேசியும் பயனில்லை என்ற முடிவுக்கு இதிலிருந்து வருவது எளிது. நாம் அப்படி முடிவு செய்யவில்லை. 2024இல் நடந்தது வேறு. காங்கோவின் தென் கிவு மாநிலத்தில், கமிட்டுகா என்னும் சுரங்க நகரில், குரங்கம்மையின் புதிய வகையொன்று மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதைக் காங்கோ ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். முயெம்பேயிடம் பயின்றவர்களும் அவர்களில் உண்டு. நோய் எல்லை கடந்ததும், ஆகஸ்ட் 13ஆம் நாள் ஆப்பிரிக்க நோய்த்தடுப்பு மையம் கண்டத்தின் நெருக்கடிநிலையைத் தானே அறிவித்தது. 2017இல் தோன்றிய அம்மையம் அத்தகைய அறிவிப்பைச் செய்தது அதுவே முதன்முறை. மறுநாள், ஆகஸ்ட் 14ஆம் நாள், உலக சுகாதார நிறுவனம் உலக நெருக்கடியை அறிவித்தது. அடிஸ் அபாபா முதலில் பேச, ஜெனீவா அடுத்துப் பேசிய அந்த இருபத்துநான்கு மணி நேரம் நம் மதிப்பீட்டில் பல மாநாட்டுத் தீர்மானங்களைவிடக் கனமானது. ஆனால் ஊசி? 2022இல் அதே நோய் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தலைகாட்டியபொழுது அங்கே சில வாரங்களிலேயே கிடைத்தது, காங்கோவுக்கு 2024 செப்டம்பர் 5ஆம் நாள்தான் முதற்றவணையாக வந்து இறங்கியது. ஒரு லட்சத்திற்கும் சற்றுக் குறைந்த ஊசிகள், ஐரோப்பிய ஒன்றியத்தின் நன்கொடையாக. பத்துக்கோடி மக்களின் நாடு அது.

குறையெல்லாம் வெளியாரிடம் என்று எழுதிவிட்டு எழுந்துவிடலாம். நம் இதழ்களில் அப்படி எழுதுவது வழக்கமும்கூட. ஆனால் 1980இல் லாகோஸில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் தத்தம் நாட்டு உற்பத்தியில் ஒரு விழுக்காட்டை அறிவியலுக்கு ஒதுக்குவது என்று உடன்பட்டிருந்தனர். 2007 ஜனவரியில் அடிஸ் அபாபாவில் கூடி அதனையே மீண்டும் சொன்னார்கள். 2014இல் வகுத்த பத்தாண்டுத் திட்டத்திலும் அது இடம்பெற்றது. கண்டத்தின் சராசரி இன்றைக்கும் அரை விழுக்காட்டை எட்டவில்லை. எகிப்து போன்ற ஓரிரு நாடுகளே ஒன்றை நெருங்கியுள்ளன. மூன்று தலைமுறை ஆய்வாளர்கள் இந்த வாக்குறுதியின் நிழலில் மூப்பெய்திவிட்டனர். படைக்கலம் வாங்கப் பணம் எப்பொழுதும் இருந்திருக்கிறது. தலைவலி வந்தால் லண்டனுக்கும் பாரிஸுக்கும் பறக்கும் ஆட்சியாளர்கள் உள்ளூர் மருத்துவ ஆய்வுக்குப் பணம் ஒதுக்காததில் வியப்பென்ன?

அப்பணம் வராத இடத்தில் வெளிப்பணம் வந்தது. ஆய்வின் தலைப்பைத் தீர்மானிக்கும் உரிமையும் அதனோடு சேர்ந்து வெளியே போயிற்று. 1985இல் தாமஸ் ஒடியாம்போ முதலிய அறிஞர்கள் தோற்றுவித்து நைரோபியில் நிலைபெற்ற ஆப்பிரிக்க அறிவியல் அகாதமியின் கதை இதற்குச் சான்று. பெரிய ஆய்வு நிதிகளைக் கண்டத்திற்குள்ளிருந்தே நிர்வகிக்கும் பொறுப்பு அதனிடம் வந்தபொழுது, இதோ மையம் இடம்பெயர்கிறது என்று எல்லோரும் மகிழ்ந்தனர். நிர்வாகம் குறித்த பிணக்கு எழுந்த பிறகு, 2021இல் அந்த நிதித் திட்டங்கள் அங்கிருந்து விலகி நைரோபியிலேயே புதிதாகத் தோன்றிய வேறோர் அமைப்பிற்குச் சென்றன. யார் பக்கம் நியாயம் என்பதில் நாம் நுழையவில்லை. கொடுத்தவர் எடுத்துக்கொள்ளவும் முடியும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது. 2025 ஜனவரியில் அது பன்மடங்காகத் திரும்பி வந்தது. எட்டு ஆப்பிரிக்க நாடுகளின் அறிஞர்கள் தென்னாப்பிரிக்காவின் தலைமையில் ஒன்றுகூடி எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனைகளுக்கு ஆயத்தமாக இருந்தனர். பணம் அமெரிக்க அரசின் உதவி முகமையுடையது. வாஷிங்டனில் ஆட்சி மாறியதும், ஒரே ஆணையில் வேலை நிறுத்தப்பட்டது. அறிஞர்களும் ஆய்வுக்கூடங்களும் கண்டத்திற்குள்ளேயே இருந்தும், அடுத்த மாதச் சம்பளம் எங்கிருந்து என்ற வினாவிற்கு அவர்களிடம் விடையில்லை.

கூட்டுறவு வேரூன்றிய இடங்களும் இல்லாமல் இல்லை. அரிசியை எடுத்துக்கொள்வோம், நமக்குப் பழகிய பொருள். நைஜர் ஆற்றுப் படுகையில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆப்பிரிக்கர்கள் தமக்கென ஒரு நெல்லினத்தைப் பயிராக்கியிருந்தனர். நம் ஆசிய நெல்லிலிருந்து வேறானது அது. களையையும் வறட்சியையும் தாங்கும், ஆனால் விளைச்சல் குறைவு. ஆசிய நெல் இதற்கு நேர்மாறு. இரண்டையும் கலந்தால் பிறப்பது மலட்டு விதை. மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் பதினொன்று சேர்ந்து 1971இல் நிறுவிய நெல் ஆய்வு நிலையத்தில், சியரா லியோனைச் சேர்ந்த மான்ட்டி ஜோன்ஸ் 1990களில் இந்தத் தடையைக் கடந்தார். கருவைப் பிரித்தெடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்து ‘நெரிக்கா’ என்னும் புதிய நெல்லை உருவாக்கினார். 2004ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசை அவரும் சீனாவின் யுவான் லாங்பிங்கும் பகிர்ந்துகொண்டனர். 2002இல் ஐவரி கோஸ்டில் உள்நாட்டுப் போர் மூண்டு நிலையம் இருந்த பகுதி கிளர்ச்சியாளர் வசமானபொழுது, அறிஞர்கள் மாலிக்கு இடம்பெயர்ந்தனர். பின்னர் பெனின் நாட்டுக்குச் சென்றனர். அமைதி திரும்பியபின் ஐவரி கோஸ்டுக்கே மீண்டனர். ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதாக இருந்திருந்தால் அந்நிலையம் அந்த நாட்டுப் போரோடு முடிந்திருக்கும். நெரிக்கா எல்லா உழவருக்கும் சொன்னபடி விளைந்தது என்று சொல்வதற்கில்லை. விதை கிடைக்காமையும் உரமின்மையும் பல இடங்களில் அதன் பெயரைக் கெடுத்தன. ஆயினும் இது பசித்தவர்கள் தாமே கேட்டுக்கொண்ட கேள்விக்குத் தாமே தேடிய விடை.

இன்னொரு தடையைப் பற்றி அறிக்கைகள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. அது மொழி. பிரெஞ்சு பேசும் செனகல் அறிஞர் பாரிஸோடு சேர்ந்து எழுதுகிறார். ஆங்கிலம் பேசும் கானா அறிஞர் லண்டனோடு. எகிப்தியரும் மொராக்கோவினரும் தென்திசை நோக்குவதே அரிது. பழைய ஆதிக்கம் வரைந்த கோடுகளின் மேலேயே இன்றைய ஆய்வுக் கூட்டுறவும் நடக்கிறது. ஒன்றியம் 2011இல் தொடங்கிய அனைத்து ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகம் இதனை உணர்ந்தே தன் நிறுவனங்களைத் திசைக்கொன்றாகப் பிரித்து வைத்தது. நீரும் ஆற்றலும் பயில அல்ஜீரியாவின் திலிம்ஸான். உயிர் அறிவியலுக்கு நைஜீரியாவின் இபாதான். இபாதானின் மாணவரும் திலிம்ஸானின் மாணவரும் சந்தித்தால் எம்மொழியில் பேசிக்கொள்வர்? ஒரு காலத்தில் இவ்வினாவே எழுந்திருக்காது. திம்புக்துவின் அறிஞர்கள் ஹஜ் செல்லும் வழியில் கெய்ரோவில் தங்கிப் பாடம் கேட்டு, இஜாஸா பெற்றுத் திரும்பினர். 1591இல் மொராக்கோப் படை திம்புக்துவைப் பிடித்த பின்னர் கைதியாகக் கொண்டு செல்லப்பட்ட அஹ்மத் பாபா, மர்ரகேஷில் கைதியாக இருந்தே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். அரபு அன்று அக்கண்டத்தின் வடபாதியை இணைத்த கல்விமொழி. அதனை மீட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நம்மில் சிலர் வாதிடுவர். தென்பாதியின் பல கோடி மக்களை மறந்துவிட்டு எழும் வாதம் அது. மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒப்பிதழ்களுக்கும் பணம் ஒதுக்குவதுதான் நடைமுறைக்கு உகந்த வழி. 2023 செப்டம்பரில் புதுடில்லியில் ஜி-20 அமைப்பின் நிரந்தர உறுப்பினராக ஆப்பிரிக்க ஒன்றியம் அமர்ந்தபொழுது கேட்ட கைத்தட்டலில் இந்தச் சிறிய செலவுகளை யார் நினைத்திருப்பார்கள்?

திம்புக்துவின் சுவடிகளைப் பற்றி ஒரு செய்தி சொல்லி முடிப்போம். 2012இல் அந்நகரம் ஆயுதக் குழுக்களின் கையில் சிக்கியபொழுது, அப்துல் காதிர் ஹைதரா என்னும் நூலகரும் அவருடைய தோழர்களும் சுவடிகளைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, கழுதை வண்டியிலும் படகிலும் ஏற்றி, தெற்கே பமாக்கோவுக்குக் கடத்தி வந்தனர். மார்க்கச் சட்டம் மட்டுமன்றி வானியலும் மருத்துவமும் கணக்கும் அவற்றில் உண்டு. 2025 ஆகஸ்டில் அப்பெட்டிகள் திம்புக்துவுக்குத் திரும்பத் தொடங்கின. பமாக்கோவில் இருந்த காலத்தில் அவற்றின் பக்கங்கள் படமாக்கப்பட்டன. அப்படங்களின் பெரும்பகுதியை இன்று அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பெனடிக்டைன் துறவியர் மடத்தைச் சார்ந்த ஹில் நூலகத்தின் வழியாகப் படிக்கலாம். கட்டணம் ஏதுமில்லை, நல்ல மனத்தோடு செய்த அரிய பணி அது. பமாக்கோவின் மாணவர் ஒருவர் தன் முன்னோர் எழுதிய வானியல் ஏட்டைப் பார்க்க விரும்பினால், மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்துக் கணினியைத் திறந்து அந்த நூலகத்தில்தான் தேட வேண்டும்.